லோயிஸ் லோரியின் ‘சன்’ நாவல்: கொடுக்க மறந்த மாத்திரையிலிருந்து தொடங்குங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இது. எம்.ஏ. ஆங்கில இலக்கியம் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லோரியின் ‘சன்’ (Son, மகன்) நாவலை எடுத்திருக்கிறீர்கள். தலைப்பு, தாய்மையும் கட்டுப்பாடும். “தாய்ப்பாசம் அமைப்பை வெல்கிறது” என்று முன்வரைவு எழுதிக் கொடுத்தீர்கள். “இதில் புதிதாக என்ன இருக்கிறது?” என்று கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். நாவலை எங்கே பிடித்துப் படிப்பது, எதோடு ஒப்பிடுவது, மூன்றாம் பாகத்தில் வரும் மாயவித்தையை என்ன செய்வது என்பவை உங்கள் கேள்விகள்.

கைடு கேட்டது நியாயம்தான். உங்கள் வாதத்தில் புதுமை இல்லை என்பதைவிடப் பெரிய சிக்கல், நாவல் அதைச் சொல்லவே இல்லை என்பது. இளையோருக்கான நாவல்தானே என்று பலரும் இதை வேகமாகப் படித்து, அம்மா மகனைத் தேடிக் கண்டுபிடித்தாள் என்று மூடிவிடுகிறார்கள். நிதானமாகப் படித்தால் இது வேறொரு புத்தகம்.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லோரியின் ‘தி கிவர்’ 1993-ல் வந்தது. அடுத்த ஆண்டு, அமெரிக்கச் சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்றது. அதே உலகத்தில் நடக்கும் நான்காவது, கடைசி நாவல் ‘சன்’. அது 2012-ல் வந்தது. பசியும் போரும் வலியும் இல்லாத ஒரு சமூகம். எல்லாருக்கும் 12 வயதில் வேலை ஒதுக்கப்படும். கிளேர் என்ற சிறுமிக்கு ‘பர்த்மதர்’ வேலை, அதாவது சமூகத்துக்குப் பிள்ளை பெற்றுக் கொடுக்கும் வேலை. 13 வயதில் அவளைக் கருவுறச் செய்கிறார்கள், 14 வயதில் பிரசவம். அந்தப் பெண்களை ‘வெஸ்ஸல்’ (பாத்திரம்) என்றும் பிறக்கும் குழந்தையை ‘ப்ராடக்ட்’ என்றும்தான் அங்கே குறிப்பிடுவார்கள். குழந்தையைப் பார்த்துவிடக் கூடாது என்று பிரசவத்தின்போது முகத்தில் தோல் முகமூடி மாட்டிவிடுவார்கள். கிளேரின் பிரசவம் சிக்கலாகி, வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கிறார்கள். இனி இவள் இந்த வேலைக்கு ஆக மாட்டாள் என்று மீன் குஞ்சு பொரிப்பகத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். குழந்தை ஆண் என்பதும், அவன் எண் 36 என்பதும் அவளுக்குத் தெரிய வருகிறது. குழந்தைகள் காப்பகத்துக்குத் தன்னார்வமாக உதவ வருபவளைப்போல் அடிக்கடி போய் அவனைத் தூக்கிக் கொஞ்சுகிறாள். பிறகு அவனை இழக்கிறாள், தேடிக் கிளம்புகிறாள். ‘முன்’, ‘இடையில்’, ‘அப்பால்’ என்ற பொருளில் பெயரிட்ட மூன்று பாகங்களாக அந்தத் தேடல் போகிறது.

இப்போது நாவலைத் திரும்பத் திறந்து ஒரே ஒரு கேள்வியோடு முதல் பாகத்தைப் படியுங்கள்: கிளேருக்கு மகன்மேல் பாசம் வருவது ஏன்?

அந்தச் சமூகத்தில் பருவம் எய்தியவர்கள் எல்லாரும் தினமும் ஒரு மாத்திரை போடுகிறார்கள். ஆசையை அடக்க என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். அதோடு சேர்ந்து ஆழமான உணர்ச்சிகள் எல்லாமே மழுங்கிப்போகின்றன. கர்ப்ப காலத்தில் பர்த்மதர்களுக்கு அந்த மாத்திரை கிடையாது. கிளேரை அவசர அவசரமாக வேலை மாற்றி அனுப்பியபோது அவளுக்கு மாத்திரை எழுதிக் கொடுக்க யாரோ மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான். அவள் மற்றப் பெண்களைவிட மென்மையானவள் என்பதோ, தொப்புள்கொடியின் பந்தம் அப்படி என்பதோ காரணம் இல்லை. அலுவலகத்தில் நடந்த ஒரு கவனப்பிசகு. அவளோடு விடுதியில் இருந்த மற்றப் பெண்கள் யாரும் தங்கள் குழந்தையைத் தேடிக் காப்பகத்துக்குப் போனதாக நாவலில் இல்லை. தாய்ப்பாசம் எதையும் உடைத்துக்கொண்டு வெளிவரும் என்று லோரி நம்பியிருந்தால் அந்தப் பெண்களில் ஒருத்தியாவது அழுதுகொண்டே நின்றிருப்பாள். அப்படி எழுத அவருக்கு மனம் வரவில்லை. ஒரு மாத்திரையால் பாசத்தை இல்லாமல் ஆக்கிவிட முடியும் என்ற பயங்கரத்தை அவர் முழுசாக ஏற்றுக்கொண்டு எழுதுகிறார். இந்த நாவலின் துணிச்சல் எனக்கு இங்கேதான் தெரிகிறது.

பிறகு கிளேருக்கு மாத்திரையைப் பற்றித் தெரிய வருகிறது. அப்போது, மகன்மேல் உள்ள அன்பை விடுவதைவிடச் சாவதே மேல் என்று முடிவு எடுக்கிறாள். இந்த இரண்டு கட்டத்தையும் பிரித்துப் பாருங்கள். பாசம் வந்தது தற்செயலாக. அதை வைத்துக்கொள்வது அவள் முடிவு. ‘இயற்கையான தாய்மை’ என்ற பழைய பேச்சுக்கும் ‘தேர்ந்தெடுத்த தாய்மை’ என்ற புதிய பேச்சுக்கும் நடுவில் நாவல் நிற்கும் இடம் இது.

இங்கே யாராவது, “மாத்திரையை நிறுத்தினால் தாய்மை தானாக வந்துவிடும் என்றுதானே அர்த்தம்? அதுவும் உயிரியல் வாதம்தானே?” என்று வைவாவில், வாய்மொழித் தேர்வில், கேட்பார்கள். பதிலுக்கு ‘தி கிவர்’ நாவலுக்குப் போங்கள். அங்கே மாத்திரையை நிறுத்தும் இன்னொருவன் ஜோனஸ், 12 வயதுப் பையன். கிளேரின் மகன் சரியாக வளரவில்லை, இரவில் அழுகிறான் என்பதற்காக அவனை ‘விடுவிக்க’, அதாவது கொல்ல, முடிவு செய்யும்போது, அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் ஊரை விட்டுத் தப்பிப் போகிறவன் ஜோனஸ்தான். ஒரே குழந்தைக்காக உயிரைப் பணயம் வைக்கும் இருவரில் ஒருத்தி பெற்றவள், இன்னொருவன் இரத்த உறவே இல்லாத பையன். இருவருக்கும் பொதுவாக இருப்பது கர்ப்பப்பை இல்லை, மாத்திரை போடாத உடம்பு.

மூன்றாவதாக ஒருவரையும் இவர்களோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். அவர் ஜோனஸின் அப்பா. குழந்தைகளைப் பராமரிப்பதுதான் அவர் வேலை. நல்ல மனிதர், பொறுமைசாலி. குழந்தை தேறட்டும் என்று விதியைத் தளர்த்தச் சொல்லி அனுமதி வாங்கி, இரவில் வீட்டுக்கே தூக்கி வருகிறார். கிளேர் காப்பகத்துக்கு வரும்போதெல்லாம் அன்பாக வரவேற்று மகனை அவள் கையில் கொடுப்பவரும் அவர்தான். அதே மனிதர் ‘தி கிவர்’ நாவலில், இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்த ஒன்றுக்குத் தன் கையாலேயே ஊசி போட்டுக் கொல்கிறார், கொஞ்சும் குரலில் பேசிக்கொண்டே. அவர் மாத்திரை போடுபவர்.

கிளேர், ஜோனஸ், அப்பா ஆகிய மூவரையும் ஒன்றாகப் பார்க்கும்போது நாவல் என்ன செய்கிறது என்பது விளங்குகிறது. நாம் ‘தாய்மை’ என்று ஒன்றாகச் சொல்வதை அந்தச் சமூகம் மூன்றாக அறுத்திருக்கிறது: பெறுவது, பராமரிப்பது, நேசிப்பது. பெறுவதற்குச் சில சிறுமிகளை வைத்துக்கொண்டது. பராமரிப்பைப் பயிற்சி பெற்ற ஊழியர்களிடம் கொடுத்தது. நேசிப்பதை யாரிடமும் விட்டுவைக்கவில்லை. கட்டுப்பாடு என்றதும் முகமூடியையும் காவலையும்தான் மாணவர்கள் எழுதுகிறார்கள். இந்த நாவலில் கட்டுப்பாடு என்பது முதலில் ஒரு வேலைப் பங்கீடு. உங்கள் ப்ராஜெக்ட்டின் மைய வாதமாக நான் வைக்கச் சொல்வது இதைத்தான். இதை எடுத்துக்கொண்டால் மற்ற அத்தியாயங்கள் இதிலிருந்தே கிளைக்கும்.

முதல் கிளை, யார்மேல் எந்த வேலை விழுகிறது என்பது. ஜோனஸின் வீட்டைக் கவனியுங்கள். அப்பா குழந்தை வளர்க்கிறார், அம்மா நீதித்துறையில் வேலை பார்க்கிறார். வீட்டு வேலையில் ஆண் பெண் பேதம் பெரிதாகத் தெரியாது. 1970-ல் பெண்ணியவாதி ஷுலாமித் ஃபயர்ஸ்டோன், பிள்ளை பெறும் சுமை பெண்ணுடலை விட்டு நீங்கினால்தான் பெண்ணுக்கு விடுதலை என்று எழுதினார். செயற்கைக் கருப்பையை அவர் எதிர்பார்த்தார். லோரியின் சமூகத்தில் அலுவலகம் போகும் பெண்களுக்கு அந்தச் சுமை நீங்கிவிட்டது. ஆனால் சுமை மறையவில்லை. கிளேர் போன்றவர்கள் தலைக்கு மாறியிருக்கிறது. ‘தி கிவர்’ நாவலில் ஜோனஸின் தங்கை லில்லி, நான் பர்த்மதர் ஆவேன் என்று ஆசையாகச் சொல்கிறாள். உடனே அம்மா அவளைக் கண்டிக்கிறார், அந்த வேலைக்குப் பெரிய மரியாதை கிடையாது என்று. மூன்று பிரசவம், அதற்கப்புறம் முதுமை வரைக்கும் உடலுழைப்பு. இந்தச் சமூகத்தில் ஆண் பெண் சமத்துவம் ஒரு தனிப் பிரிவுச் சிறுமிகளின் உடம்பின்மேல் கட்டப்பட்டிருக்கிறது. பாலினம் என்ற ஒரே கண்ணாடியைப் போட்டுப் படித்தால் இது கண்ணில் படாது. வர்க்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு நாவல்களையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதில் இன்னொரு பெரிய லாபம் உண்டு. ‘தி கிவர்’ முழுக்க அந்தக் குழந்தை, கேபிரியேல், நடுவில் இருக்கிறான். அவனைப் பெற்றவள் யார் என்று ஜோனஸுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. சமூகம் மறந்துவிட்ட பழைய உலகத்தின் நினைவுகளைச் சுமக்கும் வேலைக்குத் தேர்வாகி அவற்றை வாங்கிக்கொண்ட, சமூகத்தையே கேள்வி கேட்கும் ஜோனஸுக்கே தோன்றவில்லை. அந்த நாவலைப் படித்து உருகிய நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றியது? 19 ஆண்டுகள் கழித்து லோரி அதே நாட்களை அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து எழுதுகிறார். ஜோனஸ் தப்பி ஓடிய அந்த இரவு ‘தி கிவர்’ நாவலில் வீரம், நம்பிக்கை. ‘சன்’ நாவலில் அது விடியும் காலை, ஒரு தாய் மகனை இழக்கும் காலை. அவனைச் சாவிலிருந்து காப்பாற்றிய செயலே அவளிடமிருந்து பிரித்த செயலும். இரண்டு நாவல்களின் அந்தப் பகுதிகளை எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டு ஒரு அத்தியாயம் எழுதுங்கள். ப்ராஜெக்ட்டில் மிக நன்றாக வரப்போகும் அத்தியாயம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எதோடு ஒப்பிடுவது என்று கேட்டீர்கள். எல்லாரும் மார்கரெட் அட்வுட்டின் 1985 நாவலான ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’-க்குத்தான் போவார்கள். போங்கள், தப்பில்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் தெளிவாக எழுதுங்கள்: அங்கே பெண்ணின் கருப்பையை அபகரிக்க பைபிளை ஆதாரம் காட்டுகிறார்கள், லோரியிடம் கடவுளும் இல்லை, வெறுப்பும் இல்லை, திறமையான நிர்வாகம் மட்டும் இருக்கிறது. ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 1932 நாவலான ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’-ஐயும் ஒரு பத்தியில் தொட்டுக்கொள்ளலாம். அங்கே குழந்தைகள் குப்பியில் வளர்கிறார்கள், ‘அம்மா’ என்பது ஆபாச வார்த்தை. லோரி பிரசவத்தை ஒழிக்கவில்லை, மறைத்து வைக்கிறார்.

இவற்றைவிட ஆழமான ஒப்பீடு பிளேட்டோ. ‘குடியரசு’ ஐந்தாம் பகுதியில், காவலர் வர்க்கத்தின் குழந்தைகளைப் பொதுக் காப்பகத்தில் செவிலியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறார். பால் கட்டிய தாய்மாரை அங்கே அழைத்து வரலாம். ஆனால் எந்தத் தாயும் தன் குழந்தை எது என்று அடையாளம் கண்டுவிடாதபடி எல்லா ஏற்பாடும் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறார். குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளைக் கண்ணில் படாத இடத்துக்கு ஒதுக்கிவிடுவதும் அதே பகுதியில் வருகிறது. கிளேரின் முகமூடியும் கேபிரியேலின் ‘விடுவிப்பும்’ சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன்பே, லட்சிய நாட்டின் திட்டமாக, நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டிருக்கின்றன. டிஸ்டோபியா, அதாவது கொடுங்கனவான சமூகம், என்பது யாரோ ஒரு கொடுங்கோலனின் கற்பனை என்று எழுதுவதற்கு முன் இந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

நிஜ வரலாற்றிலிருந்து எடுப்பதானால் இரண்டு இடங்களைச் சொல்வேன். லோரி இவற்றைப் பார்த்து எழுதினார் என்று சொல்லிவிடாதீர்கள், ஒப்பிடுவது நாம்.

ஒன்று ஆஸ்திரேலியா. 1950-களிலிருந்து 1970-கள் வரை, திருமணமாகாத இளம் பெண்களிடமிருந்து ஏராளமான குழந்தைகளைப் பிறந்தவுடனே எடுத்துத் தத்துக் கொடுத்தார்கள். நாடாளுமன்ற மேலவைக் குழு இதை விசாரித்து 2012 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. குழந்தையைப் பார்த்துவிடாதபடி முகத்துக்கு எதிரே தலையணையையோ துணியையோ பிடித்தார்கள் என்று பல தாய்மார் அந்தக் குழுவிடம் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்ததையும், தெளிவில்லாத நிலையில் கையெழுத்து வாங்கியதையும் சொல்லியிருக்கிறார்கள். 2013 மார்ச் 21 அன்று பிரதமர் ஜூலியா கில்லார்ட் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். தோல் முகமூடி மிகையான கற்பனை என்று யாராவது சொன்னால் இந்தச் சாட்சியங்களைக் காட்டுங்கள். அதைச் செய்தவர்கள் மருத்துவமனை ஊழியர்கள், சமூக சேவகர்கள், கன்னியாஸ்திரிகள். குழந்தைக்கு நல்லது செய்கிறோம் என்று நம்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஜோனஸின் அப்பாவைப் புரிந்துகொள்ள இது உதவும்.

இன்னொன்று அர்ஜென்டினா. 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில், பிடிபட்ட கர்ப்பிணிகளை ரகசியச் சிறைகளில் பிரசவம் வரை உயிரோடு வைத்திருந்தார்கள். கண்ணைக் கட்டிய நிலையில் பிள்ளை பெற்றவர்கள் உண்டு. குழந்தைகளை ராணுவக் குடும்பங்களுக்கும் அவர்களுக்கு வேண்டியவர்களுக்கும் கொடுத்துவிட்டு, தாய்மாரில் பெரும்பாலோரைக் கொன்றார்கள். 1977-ல் பிளாசா டி மாயோ பாட்டிமார் அமைப்பு உருவானது. அப்படிப் பறிபோன குழந்தைகள் சுமார் 500 என்பது அவர்கள் கணிப்பு. ரத்தப் பரிசோதனையில் பாட்டி–பேரன் உறவை நிறுவ முடியுமா என்று விஞ்ஞானிகளைத் தேடிப் போய்க் கேட்டார்கள். அந்த முயற்சியால் 1987-ல் தேசிய மரபணுத் தரவு வங்கியே அமைந்தது. அமைப்பின் தலைவி எஸ்தேலா தே கார்லோத்தோ தன் பேரனை 2014-ல் கண்டுபிடித்தார். அவருடைய மகள் சிறையில் அவனைப் பெற்றது 1978-ல். ‘சன்’ நாவலின் மூன்றாம் பாகத்தில், மகன் இருக்கும் ஊரிலேயே ஆண்டுக்கணக்கில் இருந்தும் நான்தான் உன் அம்மா என்று சொல்ல முடியாமல் அவனைத் தூரத்திலிருந்து பார்க்கும், கிழவியாகிவிட்ட கிளேரைப் படிக்கும்போது எனக்கு இந்தப் பாட்டிமார் நினைவு வராமல் இருப்பதில்லை.

ருமேனியாவில் 1966-ல் ஆட்சியாளர் சௌஷெஸ்கு கருக்கலைப்பைத் தடை செய்தது தலைகீழான உதாரணம். அடுத்த ஆண்டே பிறப்புகள் ஏறக்குறைய இரட்டிப்பாயின. அங்கே எல்லாப் பெண்களும் பெற்றாக வேண்டும், லோரியின் சமூகத்தில் சிலர் மட்டும் பெற வேண்டும். இது ஒரு பத்தி போதும். இந்திய இணைப்பு வேண்டும் என்று கைடு கேட்டால் வாடகைத்தாய் முறையை எடுக்கலாம். குஜராத்தின் ஆனந்த் நகரில் வாடகைத்தாய்மார் கர்ப்ப காலம் முழுக்க விடுதியில் தங்கியிருந்தார்கள். 2021-ஆம் ஆண்டுச் சட்டம் வணிக வாடகைத்தாய் முறையைத் தடை செய்தது. ஆனால் கிளேருக்கும் அந்தப் பெண்களுக்கும் இடையில் பெரிய வேறுபாடு உண்டு. அவர்கள் வயது வந்தவர்கள், பணத்துக்காக ஒப்பந்தம் செய்தவர்கள். வறுமையில் எடுத்த முடிவு எவ்வளவு சுதந்திரமானது என்று நீங்கள் விவாதிக்கலாம், ஆனால் இருவரும் ஒன்று என்று எழுதினால் அந்தப் பெண்களுக்கு அநியாயம் செய்வீர்கள்.

சரி, இரண்டாம் பாகம். பெரும்பாலான ப்ராஜெக்ட்டுகளில் இதை ஒரு பக்கத்தில் கடந்துவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். மகனைத் தேடிக் கப்பல் ஏறிய கிளேர், கப்பல் உடைந்து, கடலுக்கும் செங்குத்தான பாறைக்கும் நடுவே அடைபட்ட ஒரு மீனவச் சிற்றூரில் கரை ஒதுங்குகிறாள். நினைவு போய்விட்டது. ஆலிஸ் என்ற கிழவி அவளைத் தன் குடிசையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். ஆலிஸ் மருத்துவச்சி, பிள்ளை பெறாதவள். முதல் பாகத்தில் துண்டு துண்டாக்கிய தாய்மை இங்கே ஒட்டத் தொடங்குகிறது, அதுவும் பெறாத ஒருத்தியிடம். கிளேருக்கு வாழ்க்கையில் முதல்முதலாகக் கிடைக்கும் அம்மா ஆலிஸ்தான். கிளேரையும் யாரோ ஒரு பர்த்மதர்தான் பெற்றிருப்பாள் என்பதை மறந்துவிடாதீர்கள். அவளும் ஒரு காலத்தில் எண்தான். நிறங்களின் பெயரை அவள் ஊர்ச் சிறுமிகளிடம் கற்றுக்கொள்கிறாள். அவள் வளர்ந்த சமூகம் நிறத்தையும் எடுத்துவிட்டிருந்தது.

நினைவு திரும்பும் இடம்தான் இந்தப் பாகத்தின் உச்சம். ஊரில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம். ஆலிஸுக்குத் துணையாகக் கிளேர் கூட இருக்கிறாள். அந்தப் பெண் வலியில் கத்துகிறாள், பக்கத்தில் ஆட்கள் தைரியம் சொல்கிறார்கள், குழந்தையை அவள் கையிலேயே கொடுக்கிறார்கள். கிளேருக்குத் தன் மகன் நினைவு வந்துவிடுகிறது. முதல் பாகத்தின் முதல் காட்சியையும் இதையும் எதிரெதிரே வையுங்கள்: அங்கே முகமூடி, தனிமை, கருவிகள், இங்கே திறந்த முகம், சூழ நிற்கும் பெண்கள், அம்மாவின் கை.

இதோடு நிறுத்தி, இயற்கையான கிராமம் நல்லது, நிர்வாகச் சமூகம் கெட்டது என்று எழுதிவிடத் தோன்றும். லோரி அதற்கு இடம் வைக்கவில்லை. கிளேர் மணமாகாமல் பிள்ளை பெற்றவள் என்று தெரிந்ததும் அதே ஊர்ப் பெண்கள் அவளை ஒதுக்குகிறார்கள். மாத்திரை இல்லாத இடத்திலும் கட்டுப்பாடு உண்டு, அது ஊர் வாயாக வருகிறது. அமெரிக்கக் கவிஞரும் பெண்ணியவாதியுமான ஏட்ரியன் ரிச் 1976-ல் எழுதிய நூலில், தாய்மை என்ற அனுபவம் வேறு, தாய்மை என்ற நிறுவனம் வேறு என்று பிரிக்கிறார். அந்தப் பிரிவினை இந்த நாவலுக்காகவே செய்ததுபோல் பொருந்தும். நிறுவனம் என்பது முதல் பாகத்துச் சமூகம் மட்டும் இல்லை, இரண்டாம் பாகத்துச் சிற்றூரும் அதன் இன்னொரு வடிவம். கோட்பாட்டுக்கு ரிச்சை முதன்மையாக வையுங்கள். மனிதர்களின் உடலையும் பிறப்பையும் அதிகாரம் நிர்வகிப்பதைப் பேசும், ஃபூக்கோவின் ‘உயிர் அதிகாரம்’ என்ற கருத்தை முதல் பாகத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள், இரண்டாம் பாகத்தில் அது நாவலை விட்டு உங்களை வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். தத்துவவாதி சாரா ரடிக் 1989-ல் எழுதிய நூல் தாய்மையை யாரும் செய்யக்கூடிய ஒரு பணியாகவும் சிந்தனையாகவும் பார்க்கிறது. ஆலிஸுக்கும் ஜோனஸுக்கும் அது உதவும்.

பாறை ஏறும் பகுதியையும் விடாதீர்கள். அந்த ஊரை விட்டு வெளியே போக வேறு தரை வழி இல்லை. கால் ஊனமான ஐனார் என்ற இளைஞன், தானே ஒரு காலத்தில் அந்தப் பாறையை ஏறியவன், ஆண்டுக்கணக்கில் கிளேருக்குப் பயிற்சி கொடுக்கிறான். அவளை விரும்புகிறவன், அவள் போய்விடுவாள் என்று தெரிந்தே பழக்குகிறான். முதல் பாகத்தில் பிறருக்காகப் பயன்பட்ட அதே உடம்பை இங்கே அவள் தன் காரியத்துக்காக, தன் விருப்பத்தால் வலுவாக்குகிறாள். வலியும் உண்டு, ஆனால் இந்த வலி அவளுடையது. தன் உடல் தனக்கே திரும்புவதை லோரி எந்தப் பிரசங்கமும் இல்லாமல் தசையிலும் மூச்சிலும் எழுதியிருக்கிறார்.

மூன்றாம் பாகத்துக்கு வருகிறேன். பாறை உச்சியில் ட்ரேட்மாஸ்டர் என்ற தீய உரு காத்திருக்கிறது. மகனிடம் கொண்டுபோய் விடுகிறேன், விலையாக உன் இளமையைக் கொடு என்கிறான். அவள் கொடுக்கிறாள். ஒரு கணத்தில் கிழவியாகிவிடுகிறாள். அறிவியல் புனைவாகத் தொடங்கிய கதை இங்கே நாட்டுப்புறக் கதையாகிவிடுகிறது என்பதுதான் உங்கள் குழப்பம். மாயத்தை மன்னிப்புக் கேட்பதுபோல் எழுத வேண்டாம். அது என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். முதல் பாகத்துச் சமூகம் கிளேரின் 13, 14 வயதை எடுத்துக்கொண்டது, கேட்காமலே. ட்ரேட்மாஸ்டர் மீதி இளமையை எடுத்துக்கொள்கிறான், கேட்டு, அவள் சம்மதத்தோடு. மகனை அடைய அம்மா தன்னையே கொடுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் ஒரு கட்டுப்பாடுதான். தியாகம் என்று நாம் புகழும் அந்தப் பேரத்தை ஒரு கொடியவன் வாயில் வைத்திருக்கிறார் லோரி. அவனுடைய பேரத்துக்கு மறுத்ததற்காகத்தான் ஐனார் காலை இழந்தான். மாயவித்தையை இப்படிப் படித்தால் அது உங்கள் தலைப்புக்கு உள்ளேயே வந்துவிடுகிறது.

ஆனாலும் மூன்றாம் பாகம் எனக்கு நிறைவு தரவில்லை, அதையும் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். கடல் கடந்தவள், பாறை ஏறியவள், கடைசியில் படுக்கையில் கிடந்து காத்திருக்கிறாள். ட்ரேட்மாஸ்டரை எதிர்கொள்பவன் மகன். பிறர் மனதுக்குள் புகுந்து உணரும் ஆற்றல் அவனுக்கு உண்டு. உன்னிடம் ஏமாந்தவர்கள் அதையும் மீறி நன்றாகவே வாழ்ந்தார்கள் என்று சொல்லிச் சொல்லியே அந்தத் தீயவனைச் சுருங்க வைக்கிறான். வன்முறை இல்லாத அந்த வெற்றி அழகுதான். அதற்காகக் கிளேரின் கதையை மகனின் கதையாக மாற்றியிருக்க வேண்டாம். ‘தி கிவர்’ நாவலில் விட்டுப்போன பெண்ணை மீட்கத்தான் இந்த நாவல் எழுதப்பட்டது. அதன் கடைசிப் பக்கங்களில் அவள் மறுபடியும் பின்னால் போய்விடுகிறாள். பார்வைக் கோணம் எந்த இடத்தில் கிளேரிடமிருந்து கேபிரியேலுக்கு மாறுகிறது என்று குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு அவள் மனதுக்குள் நாம் எத்தனை முறை போகிறோம் என்று பாருங்கள். உங்கள் விமரிசனத்துக்கு ஆதாரம் அந்தப் பக்கங்களிலேயே இருக்கும்.

ஆசிரியரின் வாழ்க்கையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. லோரியின் மகன் கிரே, அமெரிக்க விமானப் படை விமானி, 1995-ல் விமான விபத்தில் இறந்தார். மகனை இழந்த தாய் எழுதிய, மகனைத் தேடும் தாயின் கதை என்று எழுதக் கை பரபரக்கும். அறிமுகத்தில் ஒரு வரியாகச் சொல்லுங்கள். அதை வாதத்துக்கு ஆதாரமாக வைக்காதீர்கள். நாவலில் இருப்பதை நாவலிலிருந்தே காட்ட முடியும்போது ஒரு அம்மாவின் துக்கத்தைச் சாட்சிக்கு இழுக்கத் தேவையில்லை.

எழுதும் வரிசையைப் பொறுத்தவரை, கோட்பாட்டு அத்தியாயத்தை முதலில் எழுத உட்காராதீர்கள். அதில் உட்கார்ந்தால் ஒரு மாதம் போய்விடும், நாவல் கையை விட்டுப் போயிருக்கும். முகமூடிக் காட்சி, மாத்திரை பற்றிக் கிளேர் முடிவெடுக்கும் இடம், சிற்றூரில் நடக்கும் பிரசவம், ட்ரேட்மாஸ்டரின் பேரம், இந்த நான்கு இடங்களுக்கும் நெருக்கமான வாசிப்பு எழுதி முடியுங்கள். அதற்கப்புறம் ரிச்சைத் திறந்தால் எந்தப் பக்கம் உங்களுக்கு வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும். கைடிடம் அடுத்த முறை போகும்போது முழு முன்வரைவு வேண்டாம். ஜோனஸ் தப்பிய நிகழ்ச்சியை இரண்டு நாவல்களிலும் ஒப்பிட்டு எழுதிய பக்கங்களை மட்டும் கொண்டுபோய்க் கொடுங்கள்.